வீடு பாக்க வருவினம்

— அந்தச் சட்டியையும் எடு துஷி. கருவாட்டுச் சட்டி.

— கழுவித்தானக்கா வைச்சிருக்கிறன்.

— கழுவினாலும் மணக்கும். பல்கனியில வை. இல்லை, பல்கனியையும் பாப்பினம். கட்டிலுக்குக் கீழ தள்ளு. யதுஷா! சப்பாத்தைக் கழட்டு. ஆரும் தங்கட வீட்டுக்குள்ள சப்பாத்தோட நிப்பினமோ?

— அம்மா, ஃப்ளோர் டர்ட்டி.

— டர்ட்டி எண்டு சொல்லாதை. சித்தி காலமை கூட்டினவ. இண்டைக்கு இது உன்ர வீடு, விளங்குதோ? ஸ்கூலில இருந்து மிஸ்மார் வந்து பாத்திட்டுப் போகுமட்டும் இது உன்ர வீடு.

— அப்ப நுகேகொடை வீடு?

— அந்தப் பேரே உன்ர வாயில வரக்கூடாது! நுகேகொடை எண்டு ஒரு சொல்லு வந்தா, ஸ்கூலும் இல்லை, ஒண்டும் இல்லை.

— அக்கா, அவை வாறதைப் பற்றித்தான் ஒரு விசயம் சொல்லவேணும்…

— பிறகு சொல்லு துஷி. பாத்ரூமில உன்ர பிரஷும் சாம்பவியின்ர பிரஷும் கிடக்கு, எடு. எங்கட மூண்டையும் நான் கொண்டுவந்தனான். புதுசா வைச்சாப் பிடிபட்டிடும் எண்டு, பாவிச்சதையே கொண்டுவந்தனான். எங்கட ஒபிஸ் றேணுகாவின்ர வீட்டுக்கு வந்தவை பிரஷைத் தொட்டுப் பாத்தவையாம், ஈரமோ எண்டு.

— தொட்டுமோ பாத்தவை?

— ஃப்ரிட்ஜைத் திறந்து பாத்தவையாம். பக்கத்து வீட்டு ஆக்களிட்டக் கேட்டவையாம். ருக்கியாவுக்குச் சொல்லி வைச்சனியோ?

— ருக்கியாக்காவுக்குத் தெரியும். சாம்பவியும் அங்கதான் நிக்கிறாள். நீங்கள் சொன்னபடி விடியவே கொண்டுபோய் விட்டிட்டன்.

— சத்தம் போடாம நிப்பாளோ?

— அவளுக்கு அது நல்லாப் பழக்கம்.

— இதென்ன சுவரில? பென்சில் கோடு கோடா?

— சாம்பவி வளர வளரக் கீறினது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒண்டு.

— ஆ, இது நல்லதாப் போச்சு! கேட்டா யதுஷாவின்ர எண்டு சொல்லுவன். அஞ்சு வருசமா இஞ்ச இருக்கிறம் எண்டுறதுக்கு இதைவிட வேற என்ன வேணும்? யதுஷா, இஞ்ச வா, சுவரோட நில். நேர நில்லு பிள்ளை… என்ன துஷி, சாம்பவி உயரமோ?

— ரெண்டு விரல் உயரம்.

— அப்ப அந்தக் கடைசிக் கோட்டை அழி.

— அழிக்கவோ?

— அழியன். பிறகு கீறலாம். ரப்பர் என்ர பாக்கில கிடக்கு. மணி என்ன? ஒன்பதே முக்காலோ! பதினொண்டுக்கு வருவினம் எண்டு உன்ர அத்தான் கார்த்திகனுக்கு ஸ்கூல் கிளார்க் சொன்னவர். யதுஷா, இரு இதில. நான்தான் இப்ப மிஸ். உங்கட வீடு எங்க பிள்ளை?

— நுகே… வெள்ளவத்தை.

— எத்தினையாம் மாடி?

— டூ.

— மூண்டு! எத்தினை ஞாயிற்றுக்கிழமை இஞ்ச கூட்டிக்கொண்டுவந்து பாடமாக்கினது! இரவில படுத்திருக்கேக்க என்ன சத்தம் கேக்கும்?

— ஏசி.

— ட்ரெயின்! கடற்கரை ட்ரெயின்! இஞ்ச ஏசி எங்க கிடக்கு?

— அம்மா, திஸ் இஸ் லையிங். மொன்டசூரி மிஸ் சொன்னா லை பண்ணக் கூடாதெண்டு.

— இது பொய் இல்லைக் குஞ்சு. பேப்பரில நாங்கள் இஞ்சதானே இருக்கிறம். நீ பிறந்த மாசமே அப்பா இந்த வீட்டை லீசுக்கு எடுத்தவர். ஏன்? கிட்ட இருக்கிற பிள்ளையளை மட்டும் எடுக்கிற இந்த ஸ்கூலுக்காக. வாக்காளர் இடாப்பு, லைட் பில், தண்ணி பில், எல்லாத்திலயும் அப்பான்ர பேர்தான்.

— தென், சித்தி ஏன் இஞ்ச இருக்கிறா?

— சித்தி… சித்தி வீட்டைப் பாத்துக்கொள்ளுறா.

— சித்தி லைட் எரிக்கிறதுக்கு இருக்கிறன் பிள்ளை. லைட் எரியாட்டி பில் ஏறாது. பில் ஏறாட்டி ஆக்கள் இருக்கிற வீடெண்டு ஒருத்தரும் நம்பமாட்டினம்.

— நக்கல் கதை வேண்டாம் துஷி. கிளிநொச்சியில இருந்து கைப்பிள்ளையோட வந்து நிண்டனி. புருசன் இல்லாத பொம்பிளை எண்டு கொழும்பில ஒருத்தரும் அறை தரேல்லை. சித்தப்பாவின்ர மகளெண்டு நான்தானே இந்த வீட்டுத் திறப்பைத் தந்தனான்?

— ஓமக்கா. நான் அதை மறக்கேல்லை.

— வாடகை எண்டு ஒரு சதம் கேட்டனானோ?

— கேக்கேல்லை. நானும் உங்களிட்ட ஒண்டுதான் கேட்டனான். போன வருசம் இடாப்புப் பதியக் கிராம சேவகர் வரேக்க, என்ர பேரையும் இந்த விலாசத்தில போடச் சொல்லி.

— ஒரு வீட்டு நம்பரில ரெண்டு குடும்பம், ரெண்டும் ஒரே வயசுப் பெட்டையள் எண்டா சந்தேகப்படமாட்டினமோ? உனக்குத்தான் அத்தான் சொன்னவரெல்லே, புறக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில கதைக்கிறன் எண்டு.

— ரெண்டு பஸ் மாறிப் போகவேணும். இந்தப் பள்ளிக்கூடத்து மணி எங்கட குசினிக்குக் கேக்குது அக்கா. காலமை மணி அடிச்சா அவள் யன்னலடியில போய் நேராக் கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறாள். வரிசையாம். தனிய நிண்டு வரிசை.

— எனக்கு மட்டும் இதெல்லாம் செய்ய ஆசையோ? இரவில நித்திரை இல்லை எனக்கு. ஒபிஸில ஒரு புது ஆள் வந்தா முதல் கேள்வி என்ன தெரியுமோ? ‘எந்த ஸ்கூல்?’ நான் படிச்ச பள்ளிக்கூடத்தின்ர பேரைச் சொன்னா, ‘அது எங்க?’ எண்டுவினம். பன்னிரண்டு வருசமா அங்க வேலை செய்யிறன், இப்ப மனேஜர். இன்னும் அந்தக் கேள்வி வந்தா எனக்கு முகம் சுருங்கிப்போகுது. என்ர பிள்ளை ஒரு நாளும் அப்பிடி முழிச்சுக்கொண்டு நிக்கக்கூடாது. பேரைச் சொன்ன உடன அங்கால கதை இருக்கக்கூடாது.

— சாம்பவியும் முழிக்கக்கூடாதெண்டு நான் நினைக்கக்கூடாதோ?

— ஐயோ, ஆர் நினைக்கவேண்டாம் எண்டது? இப்ப இந்த நேரத்தில என்னை அழப்பண்ணாதை. உன்ர சாமிப்படம் இருக்கட்டும், ஆனா அந்த வாடின மாலையைக் கழட்டி வேற போடு. எங்கட கலியாணப்படத்தை அதுக்குப் பக்கத்தில கொழுவு. ஆணி இல்லையோ?

— இல்லை.

— அப்ப அலுமாரிக்கு மேல வை. யதுஷா, நகத்தைக் கடிக்காதை! உங்கட அம்மா சமைச்சுத் தாறதில உங்களுக்கு என்ன விருப்பம்?

— பீட்சா.

— கடவுளே! புட்டு எண்டு சொல்லு. மணி பத்தரை. நீ ஏன் துஷி இன்னும் நிக்கிறாய்? உடுப்புப் பாக்கை எடுத்துக்கொண்டு நீயும் ருக்கியா வீட்டை போ.

— நான் போகவேண்டிய தேவை இல்லையக்கா.

— என்ன?

— அவை இண்டைக்கு வரமாட்டினம்.

— ஆர் சொன்னது? கிளார்க்…

— நேற்றுப் பின்னேரம் வந்திட்டினம். ஸ்கூலில இருந்து ஒரு மிஸ்ஸும் ஒரு மாஸ்டரும்.

— என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?

— அவை போன உடன உங்களுக்கு ரெண்டு தரம் போன் எடுத்தனான். மீட்டிங் எண்டு கட் பண்ணினியள். காலமை வந்ததில இருந்து சொல்லப்பாக்கிறன், நீங்கள் என்னை வாய் திறக்க விட்டாத்தானே.

— ஐயோ… ஐயோ துஷி! என்னத்தைச் சொன்னனி? ஆர் வீடெண்டு சொன்னனி?

— ‘மிஸஸ் கார்த்திகனோ?’ எண்டு கேட்டவை. நீங்கள்தானே சொல்லி வைச்சனீங்கள், ஆர் வந்து கேட்டாலும் என்ர பேரைச் சொல்லக்கூடாதெண்டு. ஓம் எண்டிட்டன்.

— ஓம் எண்டனியோ! நம்பினவையோ?

— ஏன் நம்பாம? இன்டர்வியூவுக்கு அத்தான் தனியத்தானே போனவர். உங்களை அவைக்குத் தெரியாது. நான் வீட்டுச் சட்டையோட நிண்டனான், அடுப்பில சோறு கொதிச்சுக்கொண்டிருந்தது.

— பிள்ளை? பிள்ளை எங்க எண்டு கேக்கேல்லையோ?

— சாம்பவி தானாத்தான் வந்து முன்னுக்கு நிண்டவள். பேர் என்ன எண்டு கேட்டவை. யதுஷா எண்டாள்.

— நீ சொல்லிக் குடுத்தனியோ?

— இல்லையக்கா. ஞாயிற்றுக்கிழமையில நீங்கள் யதுஷாவுக்குப் பாடமாக்கேக்க அவள் மூலையில இருந்து கேட்டுக்கொண்டிருந்தவள். எத்தினையாம் மாடி எண்டதுக்கு மூண்டு எண்டாள். ட்ரெயின் எத்தினை மணிக்குப் போகுதெண்டும் சொன்னாள். ஒண்டும் பிழைக்கேல்லை. அந்த மிஸ் அவளின்ர கன்னத்தைத் தடவி, ‘கெட்டிக்காரி, ஜனவரியில சந்திப்பம்’ எண்டவ.

— ஜனவரியில சந்திப்பம் எண்டவவோ! அப்ப கிடைச்சிட்டுது! யதுஷா, கிடைச்சிட்டுதடா குஞ்சு! ஏன்டி துஷி இதைச் சொல்லாம என்ர உயிரை வாங்கினனி? சாம்பவியைக் கூப்பிடு, அந்தப் பிள்ளைக்கு நான் நல்ல சட்டை ஒண்டு வாங்கிக் குடுக்கிறன். இரு, அத்தானுக்கு முதல் சொல்லுவம். போன் எங்க?

— போனை வையுங்கோ அக்கா. நான் இன்னும் முடிக்கேல்லை.

— இன்னும் என்ன?

— போகேக்க, கதவு நம்பர் தெரிய எங்களை நிப்பாட்டி ஒரு படம் எடுத்தவை. தாயும் பிள்ளையும் எண்டு.

— எங்களை எண்டா?

— என்னையும் சாம்பவியையும். ஆள் மாறாட்டம் செய்யினமாம், அதால இந்த வருசம் பைலில படம் ஒட்டினமாம். முதல் நாள் அந்தப் படத்தைப் பாத்துத்தான் பிள்ளையை உள்ள விடுவினமாம். இப்ப சொல்லுங்கோ அக்கா, யதுஷா எண்டு ஆரைக் கூட்டிக்கொண்டு போறது?