பிரிக்காத வயலின்

அரியாங்குப்பம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மாள், பக்கத்திலிருந்த கணவரிடம் நிதானமாகச் சொன்னார்: “நேத்து உங்க வயலின் ரெக்கார்டைப் பிரிச்சுட்டேன்.”

மடியில் பழைய இசைத்தட்டுகளைக் கைக்குழந்தைபோல அணைத்திருந்த அந்த மனிதர் பதறிப்போனார்.

“அடிப்பாவி! மேல் பிளாஸ்டிக்கூடப் பிரியாத ரெக்கார்டுடி அது. சேகரிக்கறவங்க கணக்குல முதல் தரம். பிரிச்சா தரம் இறங்கிடும்னு எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன்?”

“சொன்னீங்க. போட்டுக் கேட்டா இன்னும் இறங்கும்னும் சொன்னீங்க. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து அந்த அட்டையத்தான் பாத்துட்டிருக்கேன். ஒரு நாளு காதாலயும் கேப்போமேன்னு போட்டேன்.”

அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். “வயலின் எப்படி இருந்துச்சு?”

“வயலின் எங்க இருக்கு? உள்ள ஒரு பொம்பள பிரெஞ்சுல ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லிக் குடுக்கறா. பள்ளிக்கூடத்துப் பசங்க பாடம். எந்த மகராசனோ தட்டை மாத்திப் போட்டு, புதுசாட்டம் ஒட்டி உங்க தலையில கட்டியிருக்கான். நீங்களும் வீட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் அதக் காட்டி, ‘கை படாம பாருங்க, உள்ள தெய்வீகம் இருக்கு’ன்னு சொல்லிட்டிருந்தீங்க. நல்ல தெய்வீகம்!”

முதலியார்பேட்டை தாண்டி, ஆற்றுப் பாலம் வரும்வரை அவர் மடியிலிருந்த தட்டுகளின் அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மனைவியின் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“அந்த பிரெஞ்சுத் தட்டுல கீறல் எதுவும் இல்லையே?”