ஊர்க்காரி எழுதக்கூடாதாம்

மாங்குளம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் கம்பஸ் பிள்ளைகள் இருவர். ஒருத்தி, "அந்த ஊரில பிறந்ததுதான் என்ர குற்றமாம்" என்று சொல்லிச் சிரித்ததால் காதைக் கொடுத்தேன்.

"மலையகத்தில இருந்து வந்து குடியேறின எங்கட சனத்துக்கு ஏன் வாய்க்கால் தண்ணி வாறேல்லை எண்டு ஆய்வு செய்யக் கேட்டனான். நீ அந்தச் சனத்தின்ர பிள்ளை, பக்கம் சாய்ஞ்சுதான் எழுதுவாய் எண்டு சேர் தலைப்பை வெட்டிப்போட்டார்."

"பிறகென்னடி நடந்தது?"

"எங்கட வகுப்பே அவரிட்டப் போச்சுது. கமம் செய்யிறவரின்ர மகன், 'அப்ப நான் நெல்லைப் பற்றி எழுதேலாது சேர்' எண்டான். முள்ளிவாய்க்கால் பிள்ளை, 'அப்பா கடலுக்குப் போறவர், நான் மீனைப் பற்றி எழுதேலாது' எண்டாள். எல்லாரும் தலைப்பைத் திருப்பிக் குடுத்திட்டம்."

"சேர் என்ன சொன்னவர்?"

"அவர் பட்டம் எடுத்ததே தன்ர ஊர்க் குளத்தைப் பற்றி எழுதித்தானே! அதையும் ஒருத்தன் கேட்டுப்போட்டான். இண்டைக்கு என்ர தலைப்புக்குக் கையெழுத்து வைச்சுத் தந்திட்டார்."

கண்டக்டர் ஒரு சந்தியின் பேரைக் கூவினார்.

"வீடு வந்திட்டுது, இறங்கடி."

"வீட்டுக்கெண்டு ஆர் சொன்னது?" அவள் பையைத் தோளில் போட்டாள். "நான் ஆய்வுக்குப் போறன்."