நாலாவது கம்பி

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை இன்ஸ்பெக்டர் சார், குடித்துவிடுகிறேன்.

என் பெயர் ஷாலினி மேரி, ஊர் ஏலாக்குறிச்சி. பெரம்பலூரில் கோகுலகிருஷ்ணன் நடத்தும் கம்பெனியில் வேலை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பாறைச்சுவர் நகர்ந்தால் சைரன் அடிக்கிற பெட்டி செய்கிறோம். அளவுகள் முதலில் மெமரி கார்டில் பதியும்; பதிந்த பிறகே சைரனுக்கு உத்தரவு போகும். அந்தக் கார்டை இயக்கும் கெர்னல் டிரைவர் என்ற புரோகிராமை எழுதுவது நான். கார்டுக்குத் தகவல் போக நாலு கம்பி உண்டு; நாங்கள் பயன்படுத்தியது ஒன்றைத்தான். நாலையும் சேர்க்கலாம் என்று கேட்கும்போதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்பார் முதலாளி.

அதற்குள், எங்கள் பெட்டி வைத்திருந்த செந்துறைப் பக்கச் சுரங்கத்தில் சுவர் சரிந்து, அங்கே வேலை பார்த்த என் தம்பி ஜூட் செத்துப்போனான். அளவுகள் ஒற்றைக் கம்பியில் வரிசை கட்டி நின்றதில், அவன் புதைந்த பிறகுதான் சைரன் அடித்தது. துக்கத்துக்கு வந்த முதலாளி அம்மாவிடம் சொன்னார்: "சைரன் அப்பவே அடிச்சிருச்சும்மா. பய போன் பேசிக்கிட்டே நின்னுட்டான்."

அம்மா அதை நம்பி, செத்தவனைத் திட்டித் திட்டி அழுதாள். அன்றைக்குப் பற்றியது என் வயிறு. இன்னும் எரிகிறது.

பிறகு அவரே நாலு கம்பியையும் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். எங்கள் போர்டில் நாலாவது கம்பியைப் பற்றவைத்த சால்டர் ஒட்டு சரியில்லை. வெயில் ஏறினால் கார்டு பதில் சொல்லாமல் நின்றுவிடும்; சைரனுக்கும் உத்தரவு போகாது. அது எனக்கு மட்டும் தெரியும். அப்படி நின்றால் பழையபடி ஒற்றைக் கம்பிக்குத் திரும்பும்படி எழுதுவதுதான் முறை. எழுதியும் வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டேன்.

புதுப் பெட்டி வைத்தால் சுரங்கத்தின் அடியில் இறங்கிப் பூசணிக்காய் உடைப்பது அவர் வழக்கம். இந்த முறை பெட்டி வைத்த சுரங்கத்தில், மழைக்குப் பிறகு வடக்குச் சுவர் மெல்ல நகர்வதை அளவுகளில் பார்த்தேன். உச்சி வெயிலில், அந்தச் சுவருக்குக் கீழேயே உடைக்கலாம் என்று சொன்னதும் நான்தான். இறங்கும்போது சிரித்தார். "பொட்டிதான் இருக்கேம்மா. கத்துனா ஏறிட மாட்டோமா?"

பெட்டி கத்தவில்லை. சுவர் விழுந்தது.

நான் பலி கேட்டது அவர் ஒருவரைத்தான் சார், அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் எலெக்ட்ரீஷியன் கலைச்செல்வன் நல்ல பையன், ஜூட்டின் வயதுதான். கற்பூரத் தட்டை ஏந்திக்கொண்டு ஒரு ஆள் கூடவே இறங்க வேண்டியிருக்கும் என்பது திட்டம் போட்டபோது எனக்குத் தோன்றவே இல்லை.

தட்டை அவன் கையில் கொடுத்து அனுப்பியது நான்தான்.