கவர் பிரிக்காத லைஃப் ஜாக்கெட்

"தண்ணியில இறங்கறதுக்கு முன்னாடியே கதவைத் திறந்து வெச்சுடணுங்க. இறங்கிட்டா தண்ணி அழுத்தும், திறக்காது."

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் இதைத் தன் கணவரிடம் சொன்னாள். அதற்குமேல் நான் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. அவள் குட்டி விமானம் ஓட்டப் பழகியவள், ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக அவரையும் ஏற்றிக்கொண்டு கடலுக்கு மேல் பறக்கப்போகிறாள் என்று பேச்சிலிருந்து புரிந்தது.

"இன்ஜின் நிக்காதுன்னு சொன்னியே. எனக்கு நீச்சல் வேற தெரியாது."

"நிக்காதுங்க. நின்னா என்ன செய்யணும்னு தெரிஞ்சா பயம் கம்மியாகும். பெல்ட்டைக் கண்ணை மூடிக்கிட்டே கழட்டணும். வெளிய வந்தப்புறம்தான் ஜாக்கெட்ல காத்து ஏத்தணும். எங்க, அதை எடுங்க."

அவர் பையிலிருந்து எடுத்தார்.

"என்னங்க, கவரையே பிரிக்கல?"

"புதுசாச்சே, அழுக்காயிடும். நம்ம வண்டி சீட்டுலயும் இன்னும் கவர் இருக்கே."

"வண்டி கடல் மேல போகாதுங்க."

அவர் கவரைப் பல்லால் கடித்துக் கிழித்து, ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். கை இடுப்பில் இல்லாத பெல்ட்டைக் கழற்றிவிட்டு, தடவித் தடவி ஜன்னல் கம்பியைத் தொட்டது. டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் அப்படியே நின்றுவிட்டார்.

"சரியா செஞ்சேனா?"

"சரிதாங்க. இன்னொரு தரம்."

இன்னொரு தரமும் செய்தார். கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"ஞாயித்துக்கிழமை ஜன்னலோரம் எனக்குத்தானே?"

"அதுல இருக்கறதே ரெண்டு சீட்டுங்க. ரெண்டும் ஜன்னலோரந்தான்."