கீழே இருந்து பார்க்கிற சுவர்

— ஃப்ளோராக்கா, கொஞ்சம் இப்டி வேலியாண்ட வாயேன். நாளிக்கு கோதண்டம் மேஸ்திரி வராரு. மண்ணு சரியாம கட்டுற செவுத்துக்கு இன்னா கல்லு எறக்கலாம்னு கேட்டாரு. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல.

— உன் தோட்டம், உன் மண்ணு. என்னை எதுக்குக் கேக்குறே பச்சையம்மா?

— நான் மேட்ல கீறேன். எனக்கு செவுத்தோட தலதான் தெரியும். தெனமும் பல்லு வெளக்கசொல்ல அத்த முழுசா பாக்கப்போறது நீதானே.

— இந்த நெனப்பு, மண்ணு கொட்டி மேடாக்கும்போதே வந்திருக்கணும்.

— வர்ல. தண்ணி நின்னு மல்லிச்செடி வேரு அயுகிப்போச்சு. பூ வித்துத்தானே நான் சாப்புடுறேன். அதான் நாலடி ஒசத்துனேன். மழைல உன் பக்கம் சரியும்னு தோணவே இல்ல.

— அடுப்பங்கரை வரைக்கும் சேறு. கோழிக்கூண்டு அப்படியே பொதைஞ்சிடுச்சு. நீ வந்து ஒரு வார்த்தை கேக்கலியே.

— எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வர்றது? ஒரே பேஜாரா இருந்துச்சு. அதான் இப்ப வந்து நிக்கிறேன்.

— சரி விடு. மேஸ்திரி என்ன சொல்றாரு?

— ஹாலோ பிளாக்குன்னா சீக்கிரம் முடிஞ்சிடும்ன்றாரு.

— எங்க நாத்தனார் அதுலதான் கட்டுனா. ஒரே ஒரு மழைதான். சுவரு நடுவுல வயிறு தள்ளிக்கிட்டு நிக்குது.

— செங்கல்லு?

— இந்த உப்புக்காத்துக்கா? எங்க பின்சுவரைத் தடவிப் பாரு. கையில மாவா வருது.

— லாரி ஷெட்டுல பழைய டயரு சும்மாவே தரேன்றாங்க. மண்ண ரொப்பி அடுக்கிட்டா போதுமாம்.

— மாதாவே. அதுல தண்ணி தேங்கி கொசு அடையும். சிக்கன்குனியா வந்து எங்க வீட்டுக்காரர் இன்னாசி பட்ட பாடு பத்தாதா? அவருக்கு இன்னும் முட்டி மடங்க மாட்டேங்குது.

— அப்போ கருங்கல்லுதான். ஆனா அதுக்கு அடி அகலமா எடுக்கணுமாம். ஒன்ற அடி உன் பக்கம் வந்துடும். நடுநடுவுல ஓட்ட வேற வுடணுமாம். மண்ணுல ஊர்ற தண்ணி வெளில போவலன்னா எந்தக் கல்லா இருந்தாலும் தள்ளிடும்ன்றாரு. அந்தத் தண்ணியும் உன் பக்கந்தான் வரும்.

— சேறில்லாம வெறும் தண்ணியா வந்தா ஒரு வாய்க்கா வெட்டி தெருப்பக்கம் விட்டுக்கலாம். கருங்கல்லே போடு.

— இன்னாக்கா இது? சண்டைக்கு வருவன்னு பாத்தேன். இவ்ளோ சுளுவா சரின்ற.

— சண்டை போட நான் இங்க இருந்தாத்தானே. அடுத்த மாசம் மாத்தூர் போறோம். பையன் டெரிக் வீட்டுக்கு. இன்னாசியைத் தனியா தூக்கி நிறுத்த என்னால முடியல.

— எனக்கு சொல்லவே இல்லியேக்கா.

— மழைக்கப்புறம் நீ பேசவே இல்லியே.

— வூட்ட வித்துட்டியா?

— இல்ல, வாடகைக்கு விட்டுட்டேன்.

— அப்ப நான் அவங்களாண்டல்ல கேக்கணும். யாரு வராங்க?

— செங்கொடி.

— எந்த செங்கொடி?

— உனக்கு எத்தனை பொண்ணு பச்சையம்மா?

— அவ கொருக்குப்பேட்டைல கீறான்னு சொன்னாங்களே.

— அங்கதான் இருந்தா. நாங்க போறோம்னு கேள்விப்பட்டு என்னைத் தேடி வந்தா. நம்ம காலடிப்பேட்டைல வேற வீடே இல்லியாடின்னு கேட்டேன். இதுதான் வேணும் ஆண்ட்டின்னா.

— என் வாசல தாண்டித்தானே வந்திருப்பா. உள்ள வர்லியே.

— முன்ன ஒரு தடவை வந்தாளே. புருசன் அடிச்சு வாயெல்லாம் ரத்தம், கையில பாப்பா. திரும்பிப் போய் அவனோடயே பொழைக்கிற வழியைப் பாருன்னு அனுப்பி வெச்சே.

— வேற இன்னா சொல்றதுன்னு அப்ப எனக்குத் தெரியலக்கா.

— குத்திக்காட்டணும்னு சொல்லல. அவளுக்கும் அது புரிஞ்சிருக்கும். இல்லன்னா உன் தோட்டத்துக்குக் கீழயே வந்து குடியிருப்பாளா?

— அவனும் வரானா?

— இல்ல. அவனை விட்டு வந்து ரொம்ப நாளாச்சு. மணலில ஒரு கம்பெனில வேலை செய்யறா. பகல்ல பாப்பாவைப் பாத்துக்க ஆளில்ல. ஆனா உங்கிட்ட வாயைத் தொறந்து கேக்க மாட்டா. உன் ரோஷந்தான் அவளுக்கும்.

— கொயந்த நல்லா நடக்குதா?

— நடக்கிறதா? அந்த வயசு தாண்டிடுச்சும்மா. ஒரு எடத்துல நிக்காம ஓடுறா.

— அவ்ளோ பெருசாய்டுச்சா.

— ஏன் உக்காந்துட்டே? மேஸ்திரிகிட்ட கருங்கல்லுன்னே சொல்லிடு.

— சொல்றேன்க்கா. நடுவுல படி வெச்சுக் கட்ட சொல்றேன். கொயந்த காலுக்கு எட்டுற மாரி, சின்னச் சின்ன படியா.