கரிப்பூச்சு

நம் சிங்கப்பூர் டெக்கா சந்தையில் விற்கும் ஆப்ப சோடாவே போதும் சார், தனியாக மருந்து ஒன்றும் தேவையில்லை. சினிமா எடுக்கும் ஃபிலிமைச் சாதாரணக் கேமராவில் போட்டுப் படமெடுப்பது இப்போது இளசுகளுக்குப் பைத்தியமாகிவிட்டது. அந்த ஃபிலிமின் முதுகில் கரிப்பூச்சு இருக்கும். சோடாத் தண்ணீரில் ஊறவைத்து, அதைத் துடைத்த பிறகுதான் மெஷினில் கழுவ வேண்டும். துடைக்காமல் விட்டால் கரி மருந்தில் கலந்து, கூட ஓடும் அடுத்தவர் ஃபிலிமையும் நாசமாக்கிவிடும்.

வருண் ஒருநாள் அப்படித் துடைக்காமலே மெஷினில் போட்டுவிட்டான். டன்லப் ஸ்திரீட்டில் நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்திய, ஃபிலிம் கழுவும் லேப் அது. அன்று மங்களம் அம்மாவின் ரோலும் மெஷினில் இருந்தது. அவர் கணவர் கண்ணை மூடுவதற்கு முன் எடுத்த படங்கள். அத்தனையும் கரி. அந்த அம்மா கடைவாசலிலேயே உட்கார்ந்து அழுதார். இவனோ, "ஃபிலிம்தானே மயூரன், விடு லா" என்று தே தாரிக் டீ குடிக்கப் போய்விட்டான். எனக்கு ஆத்திரமாக வந்தது. பிறகு அதுவும் அடங்கிவிட்டது.

அடுத்த வாரம் செம்பவாங் படகுத்துறைக்குப் படமெடுக்கப் போனோம். தூறல், ஆளில்லை. கேமராவைத் திட்டின்மேல் வைத்து, டைமரை முடுக்கிவிட்டு, தண்ணீரோரம் என் பக்கத்தில் ஓடிவந்து நின்றான். அவனுக்கு நீச்சல் தெரியாது. முதுகில் கை வைத்தேன், அவ்வளவுதான். கேமராவை எடுத்து வந்திருக்கலாம். அடுத்தவர் பொருளில் கை வைக்கும் பழக்கம் எனக்கில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் அவன் தங்கை சுஷ்மிதா, படகுத்துறையில் கிடைத்த அந்தக் கேமராவோடு லேப்புக்கு வந்தாள். "அண்ணன் எடுத்த கடைசி ரோல் உள்ள இருக்கு. உங்களத்தான் நம்பி வந்திருக்கேன் அண்ணே."

அதுவும் சினிமா ஃபிலிம்தான். வெளிச்சத்தில் ஒருமுறை இழுத்திருந்தால் எல்லாம் அழிந்திருக்கும். நான் அப்படிப்பட்டவன் இல்லை. பதமான சூட்டில் ஊறவைத்து, பஞ்சால் துடைத்து, கழுவி, பிரிண்ட் போட்டு அவள் கையில் கொடுத்தேன். கடைசிப் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"நீங்க மட்டும் நிக்கிறீங்களே. எங்கண்ணன் எங்க?"

நெகட்டிவையும் உறையில் போட்டுக் கொடுத்தேன். அவள் நேரே ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தாள், அது சரிதான்.

ஆமாம், தள்ளியது நான்தான். படத்தில் சிரிக்கிறேன் என்கிறீர்கள். கேமராவைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரத்தானே செய்யும். ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள் சார். அந்த ரோலில் ஒரு பொட்டுக் கரிகூட இல்லை.