மார்த்தா குடுக்காத வூடு

...அந்த மார்த்தாவெல்லாம் ஒரு வூட்டுக்காரியாம்மா? நீயே சொல்லு. ரெண்டு வயசு கொழந்தைய தூக்கிக்கினு கண்காணாத தேசத்துக்கு ஒரு பொண்ணு வருது. பெத்தவ ஒத்தாசைக்குக் கூட வரா. அம்பத்தஞ்சு வயசுக்கு மேல கீறவங்களுக்கு வூடு குடுக்க மாட்டாளாம்! மூணாவது மாடியாம், லிப்ட் இல்லியாம், ஏறும்போது வுழுந்துட்டா யாரு பொறுப்புன்னு கேக்கறாளாம். நான் வுழுவனா? எனக்கு அம்பத்தேழு. இந்த மாடிய நாளிக்கு இருவது வாட்டி ஏறி எறங்கறேன், ஒரு நாளு வுழுந்திருப்பனா? ...பாத்து வாம்மா, படி கொஞ்சம் ஒசரம். அந்தப் பக்கம் சாயாத, கைப்புடி இன்னும் போடல. சொவுத்து ஓரமா வா.

இதான் ரூமு. சோக்கா கீதுல்ல? காத்து பிச்சிக்கினு வரும். இப்ப வர்ல, சாய்ங்காலம் வரும். நீ பாரு, நல்லா பாரு, நான் சும்மா இப்டி ஓரமா நிக்கறேன்.

எம் பேரு காந்திமதி. இந்த வடக்குப்பட்டுல யார வேணா கேளு, சொல்லுவாங்க. ஆறு ரூமு கட்டி வுட்டிருக்கேன், இது ஒண்ணு தவிர அஞ்சுலயும் கம்பெனி ஆளுங்கதான். எந்த ஷிப்ட் பஸ்ஸா இருந்தாலும் முக்குல நிக்கும். நீ எந்த கம்பெனி? ...சரி சரி. எந்த ஊரு? தென்காசி பக்கமா? நெனச்சேன். நீ வாயத் தொறக்கவே வேணாம், மூஞ்சப் பாத்தே சொல்லிடுவேன். இன்னா ஆளுங்க நீங்க? தப்பா எடுத்துக்காத, எல்லாரையும் கேக்கறதுதான். அப்பால சொல்லு, அவசரமில்ல.

இன்னா சொல்லிக்கினு இருந்தேன்? ஆங், அந்த மார்த்தா!

எம் பொண்ணு இசைவாணி ஒரகடத்துல கார் கம்பெனில குவாலிட்டி இஞ்சினீயரு. படப்பைல வூடு. தை மாசம் ஒரு நாளு வந்து, அம்மா, என்ன ட்ரெயினிங்குக்கு ரெண்டு மாசம் டூரின் அனுப்பறாங்கன்னா. இன்னாடி டூரான்னேன். டூர் இல்லம்மா, டூரின், இத்தாலில ஒரு ஊரு, போய்ட்டு வந்தா லைனுக்கே நான்தான் மேனேஜருன்னா. கம்பெனிக்காரன் ஒத்த ஆளுக்குத்தான் ஓட்டல் குடுப்பானாம். கொழந்தையோட போறதுன்னா நீயே ரெண்டு மாசத்துக்கு ஒரு வூடு பாத்துக்கோன்னுட்டான். அந்த வூட்டு விலாசம் போட்ட காயிதம் இருந்தாத்தான் விசாவே. பதினஞ்சு நாளு டைம்மு. இவ தள்ளிப் போட்டா அடுத்த பேரு எவனோ மோகனாம். அவன் இப்பவே பொட்டியக் கட்டி வெச்சுக்கினு உக்காந்துக்கினு இருக்கான்.

கவலப்படாதடி, வூடு பாக்கறதுல உங்கம்மாவுக்குத் தெரியாதது இன்னா கீது, கொழந்தையப் பாத்துக்க நானே கூட வரேன்னேன். அவ கொழந்தைய தூக்கிக்கினு உள்ள பூட்டா. சந்தோஷத்துல பேச்சு வர்லன்னு நெனச்சிக்கினேன்.

வாடக வூடு தேடற ஆப்பு ஒண்ண போன்ல போட்டு வரிசையா வூடு காட்டறா. அம்மா, ஹாலு எவ்ளோ பெருசு பாரேன்றா. அடி போடி! மூலைல ஒட்டிக்கினு நின்னு, போன தலைக்கு மேல தூக்கிப் புடிச்சு எடுத்தா கோழிக்கூண்டு கூட கல்யாண மண்டபமாட்டம் தெரியும். இந்த ரூம வாட்சப்புல போட நான் எப்டி எடுத்தேன்னு நெனைக்கற? ...இன்னாம்மா அப்டிப் பாக்கற? நேர்ல பாக்கறப்ப கொஞ்சம் சின்னதாத்தான் தெரியும். சாமான் வெச்சா சரியாப்பூடும்.

ஒரு வூட்டுல மேசை மேல ஒரு தட்டு நெறைய எலுமிச்சம்பழம். வேற ஒண்ணும் இல்ல, வெறும் எலுமிச்சம்பழம். இவ அழகு அழகுன்றா. அழகா? எதுக்குடி அங்க எலுமிச்சம்பழம்? உன் கண்ண அந்தப் பக்கம் இழுக்கறான், அப்ப இந்தப் பக்கம் ஏதோ கீது, பெருசு பண்ணிப் பாருன்னேன். பாத்தா, மூலைல மேலேர்ந்து கீழ வரைக்கும் ஈர ஓதம்! எங்கிட்டயா?

இன்னொண்ணுல கக்கூஸ் ரூம்ல ரெண்டு பீங்கான், பக்கத்துல பக்கத்துல. இன்னாடி இது, புருஷனும் பொண்டாட்டியும் ஜோடியா குந்திக்கினு ஊர்க்கத பேசுவாங்களான்னேன். மாப்ள சக்திகுமாருக்கு காபி மூக்குல ஏறிட்சு. தேடிப் பாத்துட்டு அவருதான் சொன்னாரு, ஒண்ணு போறதுக்கு, ஒண்ணு கழுவறதுக்காம். அடப்பாவி, கழுவற ஜாதியா இவனுங்க? நம்ம ஆளுங்கதான்னேன். அதோட இத்தாலிக்காரன் மேல இருந்த பயம் பாதி போச்சு எனக்கு.

சிலதுல வூடெல்லாம் நல்லாத்தான் கீது, ஆனா கீழ 'குழந்தைகளுக்கு ஏற்றதல்ல'ன்னு போட்டு வெச்சிருக்கான். வயிறு எரிஞ்சிச்சும்மா எனக்கு. கொழந்த இன்னா பண்ணும்? வூட்டத் தின்னுடுமா? அவனுங்கெல்லாம் கொழந்தையா இல்லாம நேரா பேண்ட்ட போட்டுக்கினா பொறந்தானுங்க? ...இன்னா வெரல காட்ற? மூணா? மூணு வயசா? உனக்கு கொழந்த கீதா? அடடா... மொதல்லயே சொல்றதில்ல? நான் கொழந்தைங்களுக்குக் குடுக்கறதில்லியேம்மா. டைல்ஸு பூரா புதுசு. ஊர்ல உங்கம்மா கீறாங்கல்ல, அவங்ககிட்ட வுட்டுட்டு வரலாமே? ...இல்லியா. சரி, அப்பால பேசுவோம்.

அப்பதான் அந்த மார்த்தா வூடு வந்துச்சு. நடுவுல தொறந்த முத்தம். சுத்தி மாடிமாடியா வராண்டா. வராண்டால வரிசையா கதவு, கம்பில துணி காயுது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏண்டி, இது நம்ம லைன் வூடுடீ! இல்லம்மா, அந்த ஊர்ல இது பழைய ஸ்டைலு, இதுக்குத்தான் கிராக்கி ஜாஸ்தின்றா. லைன் வூட்டுக்குக் கிராக்கி! நான் கட்டினா கொட்டாய்ங்கறானுங்க, அவ கட்டினா ஸ்டைலா?

அதுவும் சும்மாவா? ஒரு பக்கத்துக்கு சட்டம் எழுதி வெச்சிருக்கா. பத்து மணிக்கு மேல சத்தம் கூடாது. வேற ஆளு வந்து தங்கக் கூடாது. குப்பைய அஞ்சாப் பிரிச்சு அஞ்சு தொட்டில போடணும். மத்தியானம் மூணு மணிக்கு முன்னாடி வந்தா சாவி கெடையாது, கொழந்தைய வெச்சுக்கினு தெருவுல நில்லு. வூடா அது, ஜெயிலா? வாடக குடுக்கறவன இப்டியா வெரட்டறது? மனசாட்சின்னு ஒண்ணு வேணாம்? ...ஆங், கதவுக்குப் பின்னாடி ஒட்டிக்கீதே, படிச்சியா? எட்டரைக்குக் கேட்டு பூட்டிடுவேன். ஷிப்ட் லேட்டாவும்னா மொதல்லயே சொல்லிடணும். கறி மீனு ஆக்கக் கூடாது. மோட்டரு காலைல அரை மணி, சாய்ங்காலம் அரை மணி. சொந்தக்காரங்க வந்தா ஒரு வேளை சோறு, அதோட கெளம்பிடணும். நான் அப்பப்ப வந்து எட்டிப் பாப்பேன், சுத்தமா கீதான்னு. எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்.

அப்பால மார்த்தா வீடியோல வந்தா. என் வயசுதான் இருக்கும். நரைச்ச முடிய ஒட்ட வெட்டிக்கினு, வூட்டுக்குள்ளயே பூட்ஸ போட்டுக்கினு நடக்கறா. நான் முன்னாடி நவுந்து உக்காந்துக்கினேன். தண்ணி எத்தினி மணி நேரம் வரும்னு கேளு. முன்னாடி யாரு இருந்தாங்க, ஏன் காலி பண்ணாங்கன்னு கேளு. பக்கத்து கதவுல யாரு, எப்டிப்பட்டவங்கன்னு கேளு. அடுப்பு மேல கீற அந்த குண்டான்ல இன்னா கறி ஆக்குனாங்கன்னு கேளு. நான் நாலு கேட்டா இவ ஒண்ணு சொல்றா. இன்னாடி சொன்னன்னா, சொல்லிட்டேம்மா சொல்லிட்டேம்மான்றா. மார்த்தா பாப்பாவப் பாத்துக் கையாட்டினா. எங்கிட்ட ஒரு தொட்டில் கீது, மாடிலேர்ந்து எடுத்துப் போடறேன்னாளாம். பரவால்லியே, நல்ல பொம்பளன்னு நெனச்சேம்மா. நானு! அவள!

மூணு நாளு கழிச்சு இசைவாணி வந்து நின்னா. மூஞ்சி தொங்கிப் போச்சு. அம்மா, அந்தம்மா வயசானவங்களுக்குக் குடுக்க மாட்டாங்களாம்மா, படி ஏறணுமாம். வேற வூடு பாக்க டைம்மும் இல்லம்மா. அவரு கூட வரேன்றாருன்னா. மாப்ள வாலாஜாபாத்ல மருந்துக்கட வெச்சிருக்காரு. ரெண்டு மாசத்துக்குக் கடைய பாத்துக்கன்னு தம்பிகிட்ட சொல்லிட்டாராம். சொல்லிட்டாராம்! எங்கிட்ட சொல்றதுக்கு முன்னாடியே!

பாஸ்போர்ட்டு எடுத்து வெச்சிருந்தேம்மா. தாம்பரம் போயி நீல கலர்ல ஸ்வெட்டர் வாங்கினேன், கழுத்து வரைக்கும் மூடறது. பருப்புப் பொடி, வத்தக்கொழம்புப் பொடி, பாப்பாவுக்கு கஞ்சி மாவு... ரெண்டு மாசத்துக்குன்னு இடிச்சு வெச்சேன். பொடிய மட்டும் எடுத்துக்கினு போனா.

போன சனிக்கெழம கெளம்பிட்டாங்க. இசைவாணி வந்து சொன்ன அன்னிலேர்ந்து யாரு வந்தாலும் நான் அந்த மார்த்தாவத்தான் திட்டறேன். பால்காரன், சீட்டுக்காரி, எல்லாரும், அய்யய்யோ அப்டியாக்கா, வெள்ளக்காரிங்களே அப்டித்தான்க்கான்னாங்க. நல்லா வயிறாரத் திட்டினேன். இன்னிக்குக் காலைல வரைக்கும். பழக்கதோஷம், உங்கிட்ட கூட அப்டியே ஆரம்பிச்சிட்டேன்.

பாப்பாவப் பாத்துப் பேசறதுக்குன்னு இசைவாணி பழைய டேப்பு ஒண்ணு, பெரிய போனாட்டம் கீதே அது, வுட்டுட்டுப் போயிருக்கா. காலைல எத அமுக்கினேனோ, மார்த்தா மூஞ்சி வந்து நிக்குது. கீழ அவளும் இசைவாணியும் இங்கிலீஷ்ல எழுதிக்கினது. தமிழ்ல படிக்கிறியான்னு அதுவே கேட்டுச்சு. அமுக்கினேன்.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இதே ஆப்புல, இதோ, இந்த ரூமத்தான் இசைவாணி பேர்ல போட்டு வெச்சிருந்தோம். கம்பெனிங்களுக்கு மெசின் மாட்ட வர்றவங்க பத்து நாளு தங்குவாங்க. மூணு பேரு தங்கினாங்க. போறப்ப ஆன்ட்டி ஆன்ட்டின்னு கையப் புடிச்சிக்கினுதான் போனாங்க. போயி இன்னா எழுதி வெச்சிருக்கானுங்க தெரியுமா? 'உரிமையாளர் அம்மா கதவைத் தட்டாமல் உள்ளே வருகிறார். என் குக்கரைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.' இன்னொருத்தன், 'வேலை முடிந்து வந்தபோது கேட் பூட்டியிருந்தது. மழையில் ஒரு மணி நேரம் நின்றேன்.' ஒரு மணி நேரமா? பொய்யப் பாரு! முக்கா மணிதான். அதெல்லாம் இசைவாணி பேருக்குக் கீழதான் கீது. மார்த்தா படிச்சிருக்கா.

படிச்சிட்டு எழுதியிருக்கா. நானு ரெண்டு வாட்டி படிச்சேன், அப்டியே சொல்றேன் கேளு. 'நீங்கள் தாராளமாக வரலாம். இந்த மதிப்புரைகளில் உள்ள அம்மாவும் உங்களுடன் வருகிறாரா? எனக்கு ஆட்சேபம் இல்லை. என் அம்மாவும் இப்படித்தான் இருந்தார். இன்னொரு கட்டில் போடவேண்டுமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.'

படியப் பத்தி இல்ல. வயசப் பத்தி இல்ல. ஒரு வார்த்த இல்ல. கட்டில் போட்டுடறேன்னு சொல்லிக்கீறா.

அதுக்கு இவ எழுதினது ஒரே வரி. 'இல்லை. அவர் வரவில்லை.'

அவர்! பெத்தவள அவர்ன்னு சொல்லுது அந்த டேப்பு.

நான் இன்னாம்மா பண்ணிட்டேன்? படப்பைல அவ வூட்டுக்குப் போனா தட்டாமதான் உள்ள போவேன். எம் பொண்ணு வூட்டுக் கதவ நான் எதுக்குத் தட்டணும்? குக்கரத் தொறந்துதான் பாப்பேன். கொழந்தைக்கு இன்னா ஆக்கறான்னு பாக்க வேணாமா? பீரோல துணி கசமுசன்னு கெடந்தா எடுத்து மடிச்சி வெப்பேன், மாப்ள சட்டைய கூட. அவங்க பேசிக்கினு இருந்தா நடுவுல போயி உக்காருவேன், நான் வேற எங்க உக்கார்றது? ஒரு நாளாவது, அம்மா, இப்டி வராதன்னு வாயத் தொறந்து சொன்னாளா? சொல்லியிருந்தா... சொன்னாத்தான் நான் வுட்டிருப்பனா? ஒரு ஆட்டம் ஆடியிருப்பேன். அது அவளுக்குத் தெரியும். அதான் பழிய தூக்கி அந்த மார்த்தா தலைல போட்டுட்டுப் பூட்டா. நானும் ஒரு மாசமா, ஒரே ஒரு வாட்டி வீடியோல பாத்த ஒருத்திய, எனக்குக் கட்டில் போடறேன்னு சொன்னவள...

தண்ணி குடிக்கிறியாம்மா? சாய்ங்காலம் வீடியோல வருவா. நான் இன்னான்னு கேக்கறது? தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிறதா, வேணாமா? நீயும் ஒரு பொண்ணுதான, உங்கம்மா இப்டி இருந்தா நீ இன்னா பண்ணியிருப்ப, சொல்லு...

ஏம்மா?

எங்க பூட்டா? இப்ப கதவாண்டதான நின்னுக்கினு இருந்தா! ...த பாரு, கீழ எறங்கிட்டாளே. யம்மா! நில்லு! கொழந்தைய இட்டுனு வா, பரவால்ல! கேட்டு சாவி ஒண்ணு தனியாத் தரேன், எப்ப வேணா வா! மீனு... மீனும் ஆக்கிக்கோ! நான் மேல வரவே மாட்டேன்! கேக்குதா? ஆட்டோக்காரரே, கொஞ்சம் நில்லுப்பா, அந்தப் பொண்ண... அந்தப் பச்ச சுடிதாரு பொண்ண கூப்டு... பேரா? பேரு...

அட, பேரு இன்னான்னு கூட நான் கேக்கலியே.